கடுகு வெடிக்கும் பெட்டி

தாளிப்பதற்கு எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? விரலை விட்டா பார்க்கிறீர்கள்? இல்லை. நாலு கடுகை எடுத்துப் போடுகிறீர்கள். அது சும்மா கிடந்தால் எண்ணெய் காயவில்லை. படபடவென்று வெடித்தால் காய்ந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத சூட்டைக் காதால் கேட்டு அறிந்துகொள்ளும் இந்த வித்தை நம் அடுப்பங்கரையில் எத்தனையோ தலைமுறைகளாக நடந்துவருகிறது.

விஞ்ஞானிகளிடமும் இதே மாதிரி ஒரு கடுகு இருக்கிறது. கைக்கு அடக்கமான ஒரு பெட்டி. அதனுடன் சேர்ந்தாற்போல் ஒரு சிறு குழாய். கதிரியக்கம் உள்ள பொருளுக்கு அருகே கொண்டுபோனால், 'படக், படக்' என்று அது சப்தம் போட ஆரம்பிக்கிறது. பொருள் கொஞ்சம் வீரியமுள்ளதாக இருந்துவிட்டாலோ, ஐப்பசி மழையில் தகரக் கூரை போல ஒரே இரைச்சல்தான்! இதற்குக் கைகர் கருவி என்று பெயர்.

இப்படி ஒரு கருவி எதற்கு என்று கேட்பீர்கள். கதிரியக்கத்துக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. தொட்டால் சுடாது. காஸ் கசிந்தால் மூக்கு சொல்லும். பால் திரிந்தால் நாக்கு சொல்லும். கதிரியக்கம் விஷயத்தில் ஆண்டவன் கொடுத்த ஐந்து புலன்களும் வாய்மூடி மௌனம் சாதிக்கின்றன. ஆகையால் மனிதன் தானாகவே ஓர் ஆறாவது புலனைச் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. அந்தப் புலன் எப்படி வேலை செய்கிறது, நம் வீட்டு வாசல் வரை அது எப்படி வந்து சேர்ந்திருக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே

மாமல்லபுரத்துக்கு உல்லாசப் பயணம் போகிறவர்கள் கடற்கரைக் கோயிலைப் பார்ப்பார்கள், ஐந்து ரதங்களைப் பார்ப்பார்கள், சங்கு மாலையும் சோழி வளையலும் பேரம் பேசி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். அதே சாலையில் இன்னும் சற்றுத் தெற்கே போனால் சதுரங்கப்பட்டினம் வரும். டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை அங்கே கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அதை ஒட்டினாற்போல் இருப்பதுதான் கல்பாக்கம். செங்கற்பட்டிலிருந்து வருகிறவர்கள் திருக்கழுக்குன்றத்து மலையைக் கும்பிட்டுவிட்டு இந்த ஊருக்கு வந்து சேரலாம்.

இங்கே 1971-ல் அணு உலை ஆராய்ச்சி மையம் ஒன்று ஏற்பட்டது. 1985-ல் அதற்கு இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. பக்கத்திலேயே அணு மின் நிலையம். அதன் முதல் உலை 1983-லும், இரண்டாவது உலை 1985-லும் உயிர்பெற்றன. கதிரியக்கத்தை அளக்கும் கருவிகள் இல்லாமல் இங்கே ஒரு நாள்கூட வேலை நடக்காது. உள்ளே போகிறவர்களின் சட்டையில் ஒரு கருவி. வெளியே வருகிறவர்களின் கையையும் காலையும் சோதிக்க ஒரு கருவி. காற்றை முகர ஒன்று, தண்ணீரைப் பார்க்க ஒன்று. நிலையம் ஓடத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பாகவே சுற்றுவட்டாரத்து மண், தண்ணீர், மீன், பால், காய்கறி ஆகியவற்றில் இயல்பாக எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்று கணக்கெடுக்க ஒரு சோதனைச்சாலையும் ஏற்படுத்தினார்கள். கல்யாணத்துக்கு முன்பே பாத்திரங்களை எண்ணி எழுதிவைத்துக்கொள்வது போலத்தான். அப்போதுதானே பிற்பாடு குறைந்ததையும் கூடினதையும் சொல்ல முடியும்!

இதிலே ஒரு வேடிக்கை. அணு மின் நிலையம் வருவதற்கு எத்தனையோ லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இந்தக் கடற்கரைக்குச் சொந்தமாகக் கொஞ்சம் கதிரியக்கம் உண்டு! மணலில் ஆங்காங்கே கறுப்பும் பழுப்புமாகக் கோடு கோடாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கனமான தாதுக்களை அலை ஒதுக்கித் தள்ளி உண்டாக்கும் கோலம் அது. கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் இல்மனைட். அதனோடு கலந்து மஞ்சளும் பழுப்புமாக வருவது மோனசைட். இந்த மோனசைட்டுக்குள் தோரியம் ஒளிந்திருக்கிறது. கைகர் கருவியை எடுத்துக்கொண்டு இந்தக் கரையில் நடந்தால், மோனசைட் சேர்ந்த இடங்களில் 'படக்' சப்தம் சற்று மும்முரமாகக் கேட்கும்.

கயிற்றோடு போன மணல்

மோனசைட் நம் கரையில் இருப்பது வெளியுலகுக்குத் தெரிந்த கதை ரசமானது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலிருந்து அந்தக் காலத்தில் தேங்காய் நார்க் கயிறு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. கயிற்றோடு ஒட்டிக்கொண்டு மணலும் போயிற்று. ஜெர்மனியைச் சேர்ந்த ஷோம்பர்க் என்ற ரசாயன நிபுணர் 1909-ல் அந்த மணலை ஆராய்ந்தார். மற்றவர்கள் உதறித் தள்ளிய குப்பையில் அவருக்கு மோனசைட் கிடைத்தது. விட்டுவிடுவாரா? கயிறு எந்த ஊர், மணல் எந்தக் கரை என்று தேடிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார்!

அவருக்குத் தோரியம் எதற்கு என்கிறீர்களா? கல்யாண ஊர்வலத்தில் தலைமேல் தூக்கிக்கொண்டு போவார்களே, பெட்ரோமாக்ஸ் விளக்கு, அதன் உள்ளே வெள்ளையாக ஒரு வலைப்பை இருக்குமல்லவா? அந்த மாண்டிலுக்குப் பளீரென்ற வெளிச்சம் தந்தது தோரியம்தான். நம் பாட்டிமார்கள் காலத்தில் எத்தனை மாப்பிள்ளை அழைப்புகள் இந்தத் தாதுவின் வெளிச்சத்தில் நடந்திருக்கின்றன! அப்படிப்பட்ட பழைய மாண்டில் ஒன்று பரண்மேல் கிடைத்தால், கைகர் கருவி அதைப் பார்த்துச் சளசளவென்று பேசும். பக்கத்தில் வைத்துப் பார்ப்பதனால் கெடுதல் இல்லை. ஆனால் அதைப் பொடித்து, சாம்பலை மூக்கால் இழுப்பதுதான் கூடாது.

மணலில் கதிரியக்கம் என்றதும் சிலருக்குப் பயம் வந்துவிடும். கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கரை இந்த விஷயத்தில் நம் கரையைவிடப் பல படிகள் மேலே. அங்கே வாழும் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்துவந்தார்கள். அந்த ஆய்வு 2009-ல் வெளியாயிற்று. மண்ணிலிருந்து வரும் கதிரியக்கத்தினால் அவர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாக வந்ததாக அதில் தெரியவில்லை. ஆகவே மாமல்லபுரம் போகும் குழந்தைகள் தாராளமாக மணல் வீடு கட்டலாம்.

இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். நம் உடம்பிலேயே பொட்டாசியம் இருக்கிறது. அதில் ஒரு துளிப் பங்கு கதிரியக்கம் உள்ளது. உங்கள் உடம்புக்குள் ஒவ்வொரு விநாடியும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பொட்டாசிய அணுக்கள் சிதைந்துகொண்டே இருக்கின்றன. இதைப் படித்து முடிப்பதற்குள் எத்தனை லட்சம் என்று வீட்டுக் குழந்தைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்!

குழாய்க்குள் ஒரு சரவெடி

இனிக் கருவிக்குள் நுழைந்து பார்ப்போம்.

ஓர் உலோகக் குழாய். அதன் நடுவே நீளவாட்டில் மெல்லிய கம்பி ஒன்று. குழாய்க்குள் காற்றை எடுத்துவிட்டு நியான், ஆர்கான் போன்ற வாயுவைக் குறைந்த அழுத்தத்தில் அடைத்திருக்கிறார்கள். கம்பிக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே சில நூறு வோல்ட் மின் அழுத்தம் கொடுக்கிறார்கள். வாயு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எல்லாம் அமைதியாக இருக்கிறது.

அப்போது வெளியிலிருந்து ஒரு கதிர் பாய்ந்து வருகிறது. வருகிற வழியில் வாயுவின் அணு ஒன்றை இடித்து அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுகிறது. தாயைப் பிரிந்த அந்த எலக்ட்ரானைக் கம்பி 'வா, வா' என்று இழுக்கிறது. அது வேகம் பிடித்து ஓடும்போது வழியில் மற்ற அணுக்களை இடித்து அவற்றின் எலக்ட்ரான்களையும் கிளப்பிவிடுகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கண்ணிமைக்கும் நேரத்துக்கும் மிகக் குறைந்த நேரத்தில் கோடிக்கணக்கில் பெருகிக் கம்பியில் வந்து விழுகின்றன. தீபாவளிச் சரவெடியில் ஒரு திரியைக் கிள்ளிப் பற்றவைத்தால் சரம் முழுவதும் வெடித்துத் தீர்ப்பதில்லையா? அதே கதைதான். இந்தச் சரவெடி ஒரு சிறு மின் துடிப்பாக மாறி ஒலிபெருக்கிக்குப் போகிறது. 'படக்'! ஒரு கதிர் வந்து போயிற்று என்று அர்த்தம்.

சரவெடி ஓயாமல் வெடித்துக்கொண்டே இருந்தால் அடுத்த கதிரை எண்ணுவது எப்படி? அதற்காக வாயுவோடு குளோரின், புரோமின் போன்ற வேறொரு வாயுவைச் சிறிதளவு கலந்திருக்கிறார்கள். பால் பொங்கி வரும்போது நாலு துளி தண்ணீர் தெளிப்பீர்கள் அல்லவா? அந்த வேலையை இந்த வாயு செய்கிறது. உடனே அடங்கி, அடுத்த கதிருக்குக் குழாய் தயாராகிவிடுகிறது.

பக்கத்தில் கதிரியக்கப் பொருள் எதுவுமே இல்லாவிட்டாலும் சாதாரணமான ஒரு சிறு குழாய் நிமிடத்துக்கு இருபது, முப்பது முறை சொடுக்கும். மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் வரும் கதிர்கள் அவை. இதைக் கேட்டுப் பயந்துவிடக் கூடாது. கருவி முற்றிலும் மௌனமாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்: பாட்டரி தீர்ந்திருக்கும்!

கதிர்களிலும் சாது உண்டு, முரடு உண்டு. ஆல்பாக் கதிரை ஒரு காகிதமே தடுத்துவிடும். பீட்டாக் கதிருக்குச் சில மில்லிமீட்டர் அலுமினியத் தகடு போதும். காமாக் கதிருக்கோ கனமான ஈயமோ கான்கிரீட்டோ வேண்டும். ஆல்பாவைப் பிடிக்க விரும்பினால் குழாயின் ஒரு முனையில் அப்பளத்தைவிடப் பல மடங்கு மெல்லிய அப்பிரகத் தகட்டை ஜன்னலாக வைக்கிறார்கள். விரல் பட்டால் போயிற்று!

இருட்டில் உட்கார்ந்தவர்கள்

இந்தக் கருவி ஒரே நாளில் பிறந்துவிடவில்லை. 1896-ம் ஆண்டு பிப்ரவரிக் கடைசியில் பாரிஸ் நகரத்து வானம் மூட்டமாக இருந்தது. பெக்கரல் என்ற விஞ்ஞானி யுரேனிய உப்பை வெயிலில் காயவைத்துச் சோதிக்க எண்ணியிருந்தார். வெயில் இல்லை. போட்டோத் தகட்டையும் உப்பையும் சேர்த்து மேஜை டிராயரில் வைத்துவிட்டார். சில நாள் கழித்துத் தகட்டைக் கழுவிப் பார்த்தால், வெயிலே படாமல் அதில் உப்பின் நிழல் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது! கதிரியக்கத்தை முதல் முதலாகக் கண்டுபிடித்த கருவி ஒரு போட்டோத் தகடுதான். அதன் பிறகு மேரி கியூரி அம்மையார் நுட்பமான மின் கருவி ஒன்றைக் கொண்டு கதிரின் வலிமையை அளந்தார். அந்த அளவைப் பிடித்துக்கொண்டே போய் 1898-ல் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டுபிடித்தார்.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் வேறு விதமான வேலை நடந்தது. துத்தநாக சல்பைடு பூசிய திரையில் கதிர் பட்டால் மின்மினி போல் ஒரு சிறு வெளிச்சம் தோன்றி மறையும். அதை எண்ண வேண்டும். கண் இருட்டுக்குப் பழகுவதற்காக முதலில் நெடுநேரம் இருட்டறையில் சும்மா உட்கார வேண்டும். பிறகு நுண்நோக்கி வழியே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். கண் எரியும், எண்ணிக்கை தவறும். ஹான்ஸ் கைகர் இதில் மகா பொறுமைசாலி. ஆனால் பொறுமைசாலிதானே சுலபமான வழியையும் யோசிப்பான்? 1908-ல் ரூதர்ஃபோர்டும் அவரும் சேர்ந்து மின்சாரத்தால் கதிரை எண்ணும் கருவியைச் செய்தார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1928-ல், கைகர் தம் மாணவர் முல்லருடன் சேர்ந்து அதைச் செப்பனிட்டார். இன்று நாம் காணும் கருவி அதன் வாரிசு.

அந்த மின்மினித் திரையும் வீணாகிவிடவில்லை. இப்போது சோடியம் அயோடைடு போன்ற படிகத்தில் தோன்றும் ஒளித் துளியை மனிதக் கண்ணுக்குப் பதிலாக மின் கண் எண்ணுகிறது. எத்தனை கதிர் என்பதோடு, எந்தப் பொருளிலிருந்து வந்தது என்றும் அதனால் சொல்ல முடிகிறது. கைகர் கருவி 'யாரோ கதவைத் தட்டுகிறார்கள்' என்று சொல்லும். படிகக் கருவி வந்தவர் மாமாவா, தபால்காரரா என்றும் சொல்லிவிடும்.

சட்டையில் ஓர் உண்டியல்

எக்ஸ்ரே எடுக்கும் அறையில் வேலை செய்யும் பெண்களின் மார்பில் சின்னதாக ஒரு பட்டை குத்தியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பெயர் எழுதிய வில்லையோ என்று நினைத்திருப்பீர்கள். அதுவும் கதிரியக்கத்தை அளக்கும் கருவிதான். ஆனால் அது சப்தமே போடாது.

அதற்குள் மூன்று சிறு வட்டத் தகடுகள் இருக்கின்றன. டிஸ்ப்ரோசியம் என்ற தனிமத்தைத் துளியளவு சேர்த்த கால்சியம் சல்பேட் அவற்றில் கலந்திருக்கிறது. கதிர் பட்டால் அதன் சக்தியில் ஒரு பங்கை இந்தப் படிகம் பிடித்துத் தன்னுள் பூட்டி வைத்துக்கொள்கிறது. நாள்தோறும் உண்டியலில் காசு போட்டுவருவது மாதிரி. மருத்துவமனைகளில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பட்டையைச் சோதனைக்கு அனுப்புவார்கள். அங்கே தகட்டைச் சூடாக்கினால், பூட்டி வைத்த சக்தியெல்லாம் ஒளியாக வெளியே வந்துவிடும். ஒளி எவ்வளவோ அவ்வளவு கதிர் அந்த ஊழியர்மேல் பட்டிருக்கிறது. உண்டியலை உடைத்து எண்ணுவது போலத்தான்.

பழைய மண்பானைகளின் வயதைச் சொல்வதற்கும் இதே தத்துவம் உதவுகிறது. சூளையில் வெந்த அன்று பானையின் உண்டியல் காலியாகிவிடுகிறது. பிறகு மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் நூற்றாண்டுகளில் சுற்றியுள்ள மண்ணின் கதிரியக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அதில் சேர்ந்துகொண்டே வருகிறது. பானை ஓட்டைச் சூடாக்கி ஒளியை அளந்தால், குயவர் அதைச் சுட்ட காலத்தைக் கணக்கிட்டுவிடலாம்!

பட்டையில் சேரும் கணக்குக்கு அலகு சீவர்ட். அது மூட்டைக் கணக்கு. நமக்கு வேண்டியது ஆழாக்குக் கணக்கு. ஆகவே அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிசீவர்ட்டைக் கையாளுகிறார்கள். உலகத்தில் ஒரு மனிதர் இயற்கையிலிருந்து மட்டும் பெறுவது ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். கதிரியக்கத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு நம் நாட்டில் ஐந்து ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் போகக் கூடாது. கர்ப்பமான பெண் ஊழியர் என்றால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து வயிற்றுக் குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படாதபடி வேலையை மாற்றிக் கொடுக்க வேண்டும். ஆகவே தகவலைக் கூச்சப்படாமல் உடனே சொல்லிவிட வேண்டும்.

ரேடியம் இல்லாத ரேடியம்

வீதிகளில் 'ரேடியம் ஸ்டிக்கர்' என்று போர்டு தொங்கும் கடைகள் எந்த ஊரிலும் உண்டு. மோட்டார் சைக்கிளின் பின்னால் பளபளக்கும் அந்த ஸ்டிக்கரில் ரேடியம் எள்ளளவும் கிடையாது. விளக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சாதாரணத் தாள் அது. கைகர் கருவி அதைக் கண்டு வாயைத் திறக்காது. ஆனால் பெயர் மட்டும் மக்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நிஜமான ரேடியத்தின் கதை சோகமானது. அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாநிலத்தில் 1917-ல் தொடங்கிக் கடிகார முகங்களில் ரேடியச் சாயம் பூசும் வேலைக்கு இளம்பெண்களை வைத்தார்கள். எண்கள் மெல்லிசாக வர வேண்டுமே என்று தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூர்மையாக்கச் சொன்னார்கள். கெடுதல் ஒன்றும் இல்லை என்று அந்தப் பெண்களுக்கு உறுதி சொல்லப்பட்டது. ரேடியம் எலும்பில் போய்த் தங்கிற்று. தாடை அரித்தது, பலர் இறந்தார்கள். அவர்களுடைய மூச்சுக் காற்றையே கருவியால் சோதித்தபோது அதில் கதிரியக்கம் இருப்பது தெரிந்தது. பெண்கள் சொன்னபோது நம்பாதவர்கள் கருவி சொன்னபோது வாயடைத்துப் போனார்கள். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928-ல் நஷ்ட ஈட்டோடு முடிந்தது. தொழிற்சாலைகளில் பாதுகாப்பு விதிகள் பிறப்பதற்கு அந்த வழக்கு ஒரு காரணம்.

இன்று இந்தக் கருவிகள் நாம் நினையாத இடங்களிலெல்லாம் இருக்கின்றன. டப்பாவில் சாமான் சரியான உயரத்துக்கு நிரம்பியிருக்கிறதா, காகித ஆலையில் காகிதம் ஒரே கனத்தில் வருகிறதா என்று டப்பாவைத் திறக்காமலும் காகிதத்தைத் தொடாமலும் கதிரை ஊடுருவச் செய்து மறுபுறம் அளந்து பார்க்கிறார்கள். சில வகைப் புகை எச்சரிக்கைக் கருவிகளில் கடுகளவுக்கும் குறைவான அமெரிசியம் இருக்கிறது. புகை வந்து அதன் மின்னோட்டத்தைக் குலைத்தால் மணி அடிக்கும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1950-களிலேயே கோபால்ட் சிகிச்சை தொடங்கிவிட்டது. நோய்க் கட்டிக்கு இத்தனை கதிர், சுற்றியுள்ள நல்ல உடம்புக்கு இவ்வளவுக்கு மேல் கூடாது என்று அளந்து கொடுக்கக் கருவி இல்லாவிட்டால் அந்த வைத்தியமே இல்லை.

வாசலில் இருந்த பெட்டி, இல்லாத பெட்டி

1986-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி காலை. ஸ்வீடன் நாட்டில் ஓர் அணு மின் நிலையத்தில் ஊழியர் ஒருவர் சோதனை வாசலைக் கடந்தார். மணி அடித்துவிட்டது. பார்த்தால் அவர் காலணியில் கதிரியக்கம். நிலையத்தில்தான் கசிவு என்று எண்ணி அலசிப் பார்த்தார்கள், அங்கே ஒன்றுமில்லை. வெளியே புல்லிலும் மழைத் தண்ணீரிலும் இருந்தது! காற்று வந்த திசையைக் கணக்கிட்டார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், அந்நாளைய சோவியத் நாட்டில், செர்னோபில் அணு உலை இரண்டு நாட்களுக்கு முன்பே வெடித்திருந்தது. ஓர் அரசாங்கம் வெளியில் சொல்லாமல் இருந்த விஷயத்தை ஒரு ஜோடிக் காலணியும் வாசலில் இருந்த பெட்டியும் உலகத்துக்குச் சொல்லிவிட்டன.

இதற்கு நேர்மாறான சம்பவம் கல்பாக்கத்தில் நடந்தது. எரிந்து தீர்ந்த அணு எரிபொருளை மறுபடி பதப்படுத்தும் ஆலையில் 2003-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு வால்வு பழுதாயிற்று. மிகுந்த கதிரியக்கமுள்ள கழிவுத் திரவம் வரக் கூடாத தொட்டிக்குள் வந்துவிட்டது. அந்த இடத்தில் கதிரியக்கத்தைக் காட்டி எச்சரிக்கும் கருவி வைக்கப்பட்டிருக்கவில்லை. திரவத்தின் மாதிரியை எடுத்துச் சோதிக்கும்போதுதான் விஷயம் தெரியவந்தது. அதற்குள் ஆறு ஊழியர்கள் ஓர் ஆண்டுக்குரிய வரம்பைப் போலப் பல மடங்கு கதிரியக்கத்துக்கு ஆளாகியிருந்தார்கள். செய்தி பல மாதங்களுக்குப் பிறகே நாட்டுக்குத் தெரிந்தது. வேலைக்குப் போன கணவர் மாலையில் வீடு திரும்பி, வழக்கம்போல் காப்பி கேட்டு உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்து மனைவியால் என்ன கண்டுபிடிக்க முடியும்? சுரம் இல்லை, காயம் இல்லை. அந்த இடத்தில் ஒரு பெட்டி இருந்திருந்தால் அது கத்தியிருக்கும்.

இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் விளங்கும். கதிரியக்கத்தை அளக்கும் கருவி உலகத்தில் இருந்தால் போதாது. இருக்க வேண்டிய மூலையில் இருக்க வேண்டும். அது சொல்வதைக் கேட்டவர் மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி அலை இந்தக் கரையையும் தாக்கியது. கல்பாக்கம் நகரியத்தில் பல உயிர்கள் போயின. மின் நிலையத்தின் கடல்நீர் இறைக்கும் அறைக்குள் வெள்ளம் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. கதிரியக்கக் கசிவு ஏதும் இல்லை. அப்படிப்பட்ட நாளில், 'ஒன்றும் இல்லை' என்று ஒருவர் சொன்னால் மட்டும் ஜனங்களுக்கு ஆறுதல் வந்துவிடாது. அளந்து பார்த்து, எண்ணைச் சொன்னால்தான் மனம் சமாதானமாகும். இன்று நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான இடங்களில் கருவிகளை நட்டு, காற்றுவெளிக் கதிரியக்கத்தை இரவும் பகலும் கவனித்துவருகிறார்கள்.

பழைய இரும்புக் கடையில் வந்த எமன்

அணு உலை இருக்கும் ஊரில்தானே அபாயம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 2010-ல் டில்லியில் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாக உபயோகிக்காமல் கிடந்த ஆராய்ச்சிக் கருவியை ஏலம் போட்டது. அதற்குள் கோபால்ட் இருந்தது. விஷயம் தெரியாத கடைக்காரர்கள் அதை உடைத்துப் பிரித்தார்கள். சில நாட்களில் தோல் கறுத்தது, முடி கொட்டியது. பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். பிரேஸில் நாட்டில் கோயானியா நகரத்தில் 1987-ல் இதைவிடப் பெரிய விபத்து. கைவிடப்பட்ட வைத்தியக் கருவியிலிருந்து வந்த நீல ஒளி வீசும் பொடியை அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். நால்வர் இறந்தார்கள், அவர்களில் ஒரு சிறுமியும் உண்டு. அதன் பிறகு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை விளையாட்டு மைதானத்தில் வரிசையாக நிறுத்திக் கருவியால் சோதித்தார்கள்.

பழைய இரும்பு உருகிப் புது இரும்பாகி எங்கெங்கோ போகிறது. 2008-ல் பிரான்ஸ் நாட்டில் லிஃப்ட் பொத்தான்களில் கோபால்ட் கலந்திருப்பது தெரிந்தது. இரும்பு இந்தியாவிலிருந்து போனது. இதனால்தான் உருக்காலை வாசல்களிலும் துறைமுகங்களிலும் லாரி முழுவதையும் சோதிக்கும் கருவிகள் அவசியமாகின்றன.

நாம் என்ன செய்யலாம்?

வீட்டுக்கு வீடு கைகர் கருவி வாங்கி வைக்க வேண்டியதில்லை. கருவிக்குப் பின்னால் உள்ள புத்தி இருந்தால் போதும். மூன்றே வார்த்தைகள்: நேரம், தூரம், தடுப்பு. கதிரின் அருகே இருக்கும் நேரத்தைக் குறை; தள்ளி நில்; நடுவே தடுப்பு வை. சிறிய பொருளாக இருந்தால், இரண்டு மடங்கு தள்ளி நின்றாலே கதிர் நாலில் ஒரு பங்காகிவிடும்.

குழந்தைக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது, அவசியமானால் ஒருவர் மட்டும் ஈயக் கவசம் அணிந்து கூட நிற்கலாம். மற்றவர்கள் வெளியே இருப்பதுதான் நல்லது. கர்ப்பமாக இருப்பவர்களும், நாள் தள்ளிப்போயிருக்கிறதோ என்று சந்தேகம் உள்ளவர்களும் அறைக்குள் நுழையும் முன்பே சொல்லிவிட வேண்டும். மார்பு எக்ஸ்ரே ஒன்றில் சேர்வது ஒரு மில்லிசீவர்ட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. சி.டி. ஸ்கானில் சேர்வது பல மில்லிசீவர்ட். டாக்டர் அவசியம் என்றால் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார் என்பதற்காக நாமும் கேட்டு எடுத்துக்கொள்ள அது பண்டிகைப் புடவை அல்ல. பழைய படங்களைப் பத்திரப்படுத்தினால் ஒரே படத்தை இரண்டு முறை எடுப்பது மிச்சம். அல்ட்ராசவுண்டு, எம்.ஆர்.ஐ. இரண்டிலும் இந்தக் கதிர் இல்லை. செல்போனும் மைக்ரோவேவ் அடுப்பும் வெளியிடுவது வேறு ஜாதி அலை. கைகர் கருவி அவற்றைக் கண்டுகொள்ளாது.

கடைசியாக ஓர் அடையாளம். மஞ்சள் பின்னணியில் நடுவே ஒரு புள்ளி, அதைச் சுற்றி விசிறி இறக்கை போல் மூன்று இதழ்கள். இந்தப் படம் ஒட்டிய கதவோ பெட்டியோ பழைய சாமானோ எதிர்ப்பட்டால் தொடாமல் தள்ளி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள். பழைய பேப்பர், இரும்பு எடுக்க வருகிறவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். காரணம் தெரியாமல் கனமாக இருக்கும் சிறு உலோகப் பொருளை உடைத்துப் பார்க்கும் ஆசை குழந்தைகளுக்கு வரலாகாது என்றும் சொல்லிவையுங்கள்.

கதிரியக்கத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு கட்சி உண்டு. பெயரைக் கேட்டாலே நடுங்குகிறவர்கள் ஒரு கட்சி. எல்லாம் சும்மா புரளி என்று கையை வீசுகிறவர்கள் மறு கட்சி. இருவருமே அளந்து பார்க்காமல் பேசுகிறார்கள். உப்பு அதிகமா, குறைவா என்று வாக்குவாதம் செய்துகொண்டிருப்பதைவிடக் குழம்பை ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனமல்லவா?